நீருக்கடியில் கம்பி கட்டுவது யார்?

பெர்லின் மதில் 1989-இல் திறந்துவிடப்பட்ட பிறகு, அதை ஒட்டித் தரிசாகக் கிடந்த பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் பகுதியில் ஒரே சமயத்தில் பல பெரிய கட்டடங்களை எழுப்பும் வேலை தொடங்கியது. 1990-களின் நடுவில் அங்கே தோண்டப்பட்ட பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு அவை அஸ்திவாரப் பள்ளங்களாகத் தோன்றியிருக்காது. நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஏரிகளாகவே இருந்தன. தண்ணீரில் மிதவைகள் நின்றன. மிதவைகளின் மேல் தோண்டும் இயந்திரங்கள் நின்றன. அடியில் வேலை பார்க்க முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். பெர்லின் மணல்மேல் அமர்ந்த ஊர். சில மீட்டர் தோண்டினாலே நிலத்தடி நீர் வந்துவிடும். வேறு ஊராக இருந்தால் பம்பு வைத்து இரவு பகலாக இறைத்து, பள்ளத்தைக் காயவைத்து வேலையைத் தொடங்கியிருப்பார்கள். ஆனால் பக்கத்திலேயே டியர்கார்டன் பூங்கா இருக்கிறது. நீர்மட்டம் இறங்கினால் அதன் மரங்கள் பட்டுப்போகும். ஆகவே இஷ்டத்துக்கு நீர் இறைக்க நகர நிர்வாகம் அனுமதிக்கவில்லை. மிஞ்சியது ஒரே வழி: முதலில் சுற்றுச்சுவர், பிறகு தண்ணீரோடு தண்ணீராகத் தோண்டுவது, அடியில் நீருக்குள்ளேயே கான்கிரீட் தளம் போடுவது, அது இறுகிய பிறகு உள்ளே அடைபட்ட நீரை மட்டும் வெளியேற்றுவது. டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் மனைகளில் இந்தத் தளத்துக்கு வழக்கமான கம்பிக் கூட்டுக்குப் பதிலாக எஃகு இழை கலந்த கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள்.

இழை சேர்த்தால் கான்கிரீட் வலுவாகிறது என்ற பொதுவான பேச்சை வைத்துக்கொண்டு இந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. வலு என்ற சொல்லைச் சாதாரணமாக எந்தப் பொருளில் சொல்கிறோமோ, அந்தப் பொருளில் இழை கான்கிரீட்டை அதிகம் வலுவாக்குவதில்லை. நீருக்கடியில் அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஆள் போய்க் கம்பி கட்ட முடியாத இடத்துக்கு அது கான்கிரீட்டோடு சேர்ந்து தானே போய்விடுகிறது. போன இடத்தில், தளம் விரிசல் விட்ட பிறகு தன் வேலையைத் தொடங்குகிறது. இந்த இரண்டு காரணங்களும் பொருந்தும் இடத்தில் இழை பிரமாதமான தீர்வு. பொருந்தாத இடத்தில் அது வீண் செலவு. சில சமயம் கெடுதலும்கூட.

தளத்துக்கு வலுவூட்டல் எதற்கு என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். தளத்தின் அடிமுகம் வெளி நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே உள்ள தண்ணீரை இறைத்துவிட்டால், அடியிலிருந்து ஒவ்வொரு சதுர மீட்டரையும் 15 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். தளம் 1.2 மீட்டர் கனம் என்றால் அதன் சொந்த எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 டன்தான். மீதி 12 டன்னைப் பிடித்து வைப்பது யார்? எடையைக்கொண்டே சமாளிப்பதென்றால் தளம் கிட்டத்தட்ட 10 மீட்டர் கனம் இருக்க வேண்டும். அதற்கேற்ப இன்னும் ஆழமாகத் தோண்டவும் வேண்டும். எந்த ஒப்பந்தக்காரரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே தளத்தைப் பூமியோடு கட்டிப்போடுகிறார்கள். மிதவையில் நின்றபடியே மணலுக்குள் துளையிட்டு எஃகுத் தண்டுகளை இறக்கி, சிமெண்ட் பாலைச் செலுத்தி இறுகவைத்து, அவற்றின் தலைப்பகுதி பின்னால் போடப்போகும் தளத்துக்குள் புதையும்படி விட்டுவைக்கிறார்கள். இரு திசையிலும் மூன்று மீட்டருக்கு இப்படி ஒரு நங்கூரம் என்றால், ஒவ்வொன்றின் பங்கும் 9 சதுர மீட்டர். அதாவது 109 டன். தூண்கள்மேல் நிற்கும் மாடித் தளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற அமைப்பு இது. இரண்டு நங்கூரங்களுக்கு நடுவே தளம் மேல்நோக்கிப் புடைக்கும். அங்கே மேல்முகத்தில் இழுவிசை. நங்கூரத் தலையைச் சுற்றிக் கீழ்முகத்தில் இழுவிசை. இதைவிட ஆபத்தானது, தலையைச் சுற்றிக் கூம்பு வடிவத்தில் ஒரு துண்டு பிய்ந்து நங்கூரத்தோடு நின்றுவிட, மீதித் தளம் மேலே கிளம்புவது. அமுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையைத் தாங்காத கான்கிரீட்டுக்கு இவை எல்லாமே பலவீனமான இடங்கள்.

இனி கான்கிரீட் தண்ணீருக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்கலாம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. ஆகவே நீருக்குள் இறுகுவதில் அதற்குச் சிரமம் கிடையாது. போய்ச் சேர்வதில்தான் சிரமம். மேலிருந்து கொட்டினால் தண்ணீர் சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். அடியில் போய்ச் சேர்வது ஜல்லியும் மணலும்தான். இதற்காக ட்ரெமி குழாய் என்ற எளிய கருவி இருக்கிறது: 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள நீண்ட எஃகுக் குழாய், மேலே ஒரு புனல் தொட்டி. குழாயின் கீழ்முனை எப்போதும் புதிதாகப் போட்ட கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். அப்போது புதிய கான்கிரீட் பழையதன் உள்ளே புகுந்து அதைத் தள்ளிப் பரப்புகிறது. முதலில் விழுந்த பகுதி மட்டுமே தண்ணீரைத் தொடுகிறது. குழாயை ஒரு தடவை அவசரப்பட்டு வெளியே தூக்கிவிட்டால் உள்ளே நீர் புகுந்து அந்த இடம் கெட்டுப்போகும். வைப்ரேட்டர் போட்டுக் குத்திவிட முடியாது என்பதால் கலவை தானாகவே ஓடி நிரம்பும் அளவுக்கு இளகலாக இருக்க வேண்டும்; அதே நேரம் நீர் அதிகமாகிச் சத்தில்லாமல் போய்விடவும் கூடாது. ஐ.எஸ். 456 இந்திய விதித்தொகுப்பு நீருக்கடியில் போடும் கான்கிரீட்டில், 40 மில்லிமீட்டர் ஜல்லிக்கு, கன மீட்டருக்குக் குறைந்தது 350 கிலோ சிமெண்ட் இருக்க வேண்டும், நீர்-சிமெண்ட் விகிதம் 0.6-ஐத் தாண்டக் கூடாது என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

இந்தச் சூழலில் கம்பிக் கூட்டை வைத்துப் பாருங்கள். ட்ரெமி மூலம் கான்கிரீட் போடும் பைல்களிலும், சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களுக்கு எழுப்பிய டயஃப்ரம் சுவர்களிலும் கம்பிக் கூடு இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கூடு தரையிலேயே முழுதாகக் கட்டப்படுகிறது. கிரேன் அதைத் தூக்கிச் செங்குத்தாகக் குழிக்குள் இறக்குகிறது. ஆள் உள்ளே போக வேண்டியதே இல்லை. அகன்று கிடக்கும் அடித்தளத்தின் கதை வேறு. ஆயிரக்கணக்கான சதுர மீட்டருக்குக் கம்பி வலையைத் துண்டு துண்டாக இறக்கி, ஒவ்வொரு துண்டையும் அடுத்ததன் மேல் ஏற்றி, நூற்றுக்கணக்கான நங்கூரத் தலைகளுக்கு இடையே நுழைத்து, சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். இதை முக்குளிப்பவர்கள் செய்ய வேண்டும், அதுவும் கலங்கல் நீரில், பெரும்பாலும் கையால் தடவிப் பார்த்து. வைத்த கம்பி மேல் சேறு படிந்துகொண்டே இருக்கும். சேறு படிந்த கம்பியைக் கான்கிரீட் பற்றாது. ட்ரெமியிலிருந்து பக்கவாட்டில் ஓடிவரும் கலவை ஒவ்வொரு கம்பியிலும் தடுமாறும். முன்னால் தள்ளிக்கொண்டு வரும் சத்தற்ற சிமெண்ட் குழம்பு கம்பிகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். வரைபடத்தில் கம்பி இருக்கும். கான்கிரீட்டுக்குள் அது வேலை செய்கிறதா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் நீருக்கடித் தளங்களைப் பல காலம் கம்பியே இல்லாமல், கனத்தை மட்டும் கூட்டிப் போட்டு வந்தார்கள். கம்பியில்லாத தளம் விரிசல் விடும்வரை கம்பீரமாக நிற்கும். விட்ட பிறகு முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

எஃகு இழை இந்த முடிச்சை அவிழ்க்கும் விதம் எளிமையானது. அடித்தளங்களுக்குப் பயன்படும் வகை இழை, இரண்டு முனையும் கொக்கிபோல் வளைந்த 60 மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு; விட்டம் முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். ஒன்றின் எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான். கன மீட்டருக்கு 40 கிலோ போட்டால் கான்கிரீட்டின் பருமனில் அது அரை சதவீதம். எண்ணிக்கையில் பார்த்தால் சுமார் 1,92,000 துண்டுகள். ஒன்றோடொன்று முட்டவைத்து அடுக்கினால் பதினொன்றரை கிலோமீட்டர். இவை எல்லாத் திசைகளிலும் சீராகச் சிதறிக் கிடந்தால், எங்கே விரிசல் விழுந்தாலும் உள்ளங்கையளவு பரப்பைக் கிட்டத்தட்ட 60 இழைகள் குறுக்கே கடக்கும். கம்பி எங்கே வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதில்லை. நங்கூரத் தலை திட்டமிட்ட இடத்திலிருந்து கொஞ்சம் விலகிப்போயிருந்தாலும், அதைச் சுற்றியும் இழை இருக்கும்.

விரிசலில் இழை என்ன செய்கிறது? கான்கிரீட் விரிசல் விடும் விசை எவ்வளவோ, அதை இந்த அளவு இழை கணிசமாக உயர்த்துவதில்லை. விரிசல் விட்ட கணத்தில்தான் இழைகள் இறுகப் பிடிக்கின்றன. விரிசல் அகல அகல, கொக்கி முனை தான் புதைந்திருக்கும் வளைந்த பொந்துக்குள்ளிருந்து நேராக்கப்பட்டு உருவப்படுகிறது. எஃகை வளைத்து நிமிர்த்துவதற்கு ஆற்றல் வேண்டும். உராய்வை மீறி இழுப்பதற்கும் ஆற்றல் வேண்டும். இந்த ஆற்றல் செலவுதான் இழை தரும் சேவை. நல்ல இழை அறுபடாது, உருவிக்கொண்டு வரும். அறுபட்டால் வடிவமைப்பு தவறு என்று பொருள். இதை அளப்பதற்கான ஐரோப்பியச் சோதனையும் இந்தத் தர்க்கத்தின்படியே அமைந்திருக்கிறது. 150 மில்லிமீட்டர் சதுர உத்தரத்தின் அடியில் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்து, வளைத்து, வெட்டின் வாய் 0.5 மில்லிமீட்டர் திறக்கும்போது எவ்வளவு தாங்குகிறது, 2.5 மில்லிமீட்டர் திறக்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். கம்பிக்குப் பதிலாக இழையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், முதல் அளவு விரிசல் வலுவில் 40 சதவீதத்துக்கு மேலும், இரண்டாவது அளவு முதலாவதில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கான்கிரீட் கூட்டமைப்பான ஃபிப்பின் 2010-ஆம் ஆண்டு மாதிரி விதித்தொகுப்பு வைத்த நிபந்தனை. அதாவது விரிசலுக்குப் பிறகு இழைக் கான்கிரீட் முன்பைவிடக் குறைவாகத் தாங்கினாலும் விதி அதை ஏற்றுக்கொள்கிறது.

இங்கேதான் கம்பி கட்டிப் பழகிய பொறியாளர் குறுக்கிடுவார். விரிசலுக்குப் பிறகு குறைவாகத் தாங்கும் பொருளை நம்பி 12 டன்னை எப்படி விடுவது? ஒற்றை உத்தரத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. உத்தரத்தில் ஒரு விரிசல் விழுந்தால் சுமை போவதற்கு வேறு வழியில்லை. அங்கே கம்பிதான் வேண்டும். தளம் அப்படியில்லை. நாலா பக்கமும் பரந்த, பல நங்கூரங்களில் பிடிபட்ட தளத்தில் ஓரிடம் விரிசல் விட்டு அங்கே பிடி சற்றுத் தளர்ந்தால், சுமை பக்கத்து இடங்களுக்குப் போகிறது. அவையும் விரிசல் விட்டுப் பங்கெடுத்துக்கொள்கின்றன. விரிசல் விட்ட இடம் ஓரளவு தாங்கிக்கொண்டே வளைந்து கொடுத்தால்தான் இந்தப் பகிர்வு நடக்கும். அந்த வளைந்து கொடுக்கும் குணத்தைத்தான் இழை தருகிறது. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஸ்ட் ஃபால்க்னர் குழுவினர் நங்கூரமிட்ட தளத் துண்டுகளைச் சோதித்துப் பார்த்துத்தான் பெர்லின் வேலைக்கு அடிப்படை அமைத்தார்கள். வெறும் கான்கிரீட் விரிசலோடு பட்டென்று முடிந்துவிட, இழை கலந்தது விரிசலுக்குப் பின்னும் தொடர்ந்து சுமை ஏற்றுக்கொண்டு வளைந்தது என்பதே இந்த வகைச் சோதனைகள் காட்டும் வேறுபாடு. சிறு உத்தரச் சோதனையில் சுமாராகத் தெரியும் பொருள், பெரிய தளத்தில் நன்றாக நடந்துகொள்வதன் காரணம் பொருளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம் வேலைத்தளத்திலிருந்து வரும். 60 மில்லிமீட்டர் இழைகள் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளாதா? சிக்கும். அவசரத்தில் மொத்தமாகக் கொட்டினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிவிடும். அந்த உருண்டை ட்ரெமியை அடைத்தால், வேலை நின்று, இறுகத் தொடங்கும் கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால்தான் பல இழைகளைக் கரையும் பசையால் பட்டை பட்டையாக ஒட்டி விற்கிறார்கள். கலக்கும் லாரிக்குள் பசை கரைந்த பிறகே அவை பிரிகின்றன. இழை சேர்ந்தால் கலவையின் இளக்கம் குறையும். அதைத் தண்ணீர் விட்டுச் சரிசெய்யாமல் வேதிக் கலவையால் சரிசெய்ய வேண்டும், சிறு ஜல்லியும் நுண்துகளும் கூட்ட வேண்டும். இவை தீர்க்கக்கூடிய சிக்கல்கள். நீர் சிமெண்டைக் கழுவாமல் இருக்கப் பசைத்தன்மை தரும் கலவைகள் 1970-களில் ஜெர்மனியிலும் பிறகு ஜப்பானிலும் வந்துவிட்டன. 1998-இல் திறந்த அகாஷி கைக்கியோ பாலத்தின் ஏறத்தாழ 80 மீட்டர் விட்டமுள்ள எஃகுப் பெட்டிகளைக் கடலுக்குள் நிரப்பியது அப்படிப்பட்ட கான்கிரீட்தான்.

தீர்க்கக் கடினமான சிக்கல் இழைகள் படுக்கும் திசை. சீராகச் சிதறிக் கிடந்தால் என்று மேலே போட்ட கணக்கு கொஞ்சம் தாராளமானது. கான்கிரீட் ஓடும்போது இழைகளையும் திருப்புகிறது. ஒரு மையத்திலிருந்து வட்டமாக விரிந்து பரவும் ஓட்டத்தில் இழைகள் ஓட்டத்துக்குக் குறுக்காக, வட்டத்தின் விளிம்பை ஒட்டிப் படுக்கின்றன. தட்டு வடிவ மாதிரிகளை நடுவிலிருந்து ஊற்றிச் செய்த சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. ட்ரெமியும் அப்படித்தான் பரப்புகிறது. குழாயைச் சுற்றி ஆரத்திசையில் விழும் விரிசல்களுக்கு இது நல்லது. ஆனால் இரண்டு குழாய்களிலிருந்து வரும் இரண்டு ஓட்டங்கள் சந்திக்கும் கோட்டை நினைத்துப் பாருங்கள்: இரு பக்க இழைகளும் அந்தக் கோட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும், அதைக் கடப்பவை சொற்பம். கழுவப்பட்ட குழம்பும் அங்கேதான் வந்து சேரும். தளத்தின் ஆகப் பலவீனமான கோடு எங்கே என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். வழி இருக்கிறது. குழாய்களை நெருக்கமாக வைத்து, ஒரு முனையிலிருந்து ஒரே முகமாக முன்னேறி, இரண்டு முகங்கள் சந்திப்பதையே தவிர்க்கலாம். ஆனால் அது வரைபடத்தில் எழுதி முடியும் காரியமில்லை. லாரிகள் தாமதமாகாமல் வரிசையாக வந்து நிற்க வேண்டும். இழை கம்பி கட்டுபவரின் வேலையை ஒழித்ததென்னவோ உண்மைதான். அந்தப் பொறுப்பை அப்படியே கான்கிரீட் போடுபவரின் தலையில் ஏற்றியும் விட்டது.

துரு பற்றிய அச்சம் பலர் நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. முழுக்க நீரில் மூழ்கிய எஃகுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. கடல் கட்டுமானங்களில் கம்பி மோசமாக அரிக்கப்படுவது அலை அடித்து நனைந்து காயும் பகுதியில்தான். நீண்ட கம்பியின் ஒரு பகுதி நேர்முனையாகவும் தொலைவிலுள்ள இன்னொரு பகுதி எதிர்முனையாகவும் மாறி அரிப்பு வேகமெடுப்பது போல், தனித்தனியாகக் கிடக்கும் சிறு இழைகளில் நடப்பதில்லை. துருப்பிடித்தாலும் முக்கால் மில்லிமீட்டர் கம்பி வீங்கிக் கான்கிரீட்டைப் பிளந்துவிடாது. ஆனால் விரிசலின் வாயில் குறுக்கே நிற்கும் மெல்லிய இழைக்கு இந்த ஆறுதல் எதுவும் பொருந்தாது. அகலமான விரிசலில் உப்பு நீர் ஆண்டுக்கணக்கில் புகுந்து வெளியேறினால் அது அரிபட்டு அறுந்துபோகும். பெர்லின் மாதிரித் தளத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழாததற்குக் காரணம், அதன் வேலைக்காலம் குறுகியது. பள்ளம் வறண்ட பிறகு அதன் மேல் நிரந்தர அடித்தளம் கம்பி கட்டிப் போடப்படுகிறது. கட்டடம் ஏற ஏற அதன் எடையே மேல்நோக்கிய அழுத்தத்துக்கு ஈடு கொடுக்கிறது. துருவே வேண்டாம் என்று பாலிப்ரொப்பிலீன் இழைக்குப் போகலாம் என்பவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு, 0.91, கழுவப்பட்டால் மேலே மிதந்துவிடும். நீடித்த இழுவையில் அது மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். நிலத்தடி நீரின் அழுத்தம் மாதக்கணக்கில் விடாமல் தள்ளும் சுமை.

இழையின் மேல் எனக்குள்ள மதிப்பைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது. அலிகெனி ஆற்றின் குறுக்கே 1965-இல் முடிந்த கின்ஸுவா அணையில், மதகிலிருந்து பாயும் நீரின் வேகத்தை அடக்கும் தொட்டியின் தளம் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போனது. தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட கற்கள் நீரின் சுழற்சியில் தரையை அரைத்துக்கொண்டே இருந்தன. 1973-74-இல் எஃகு இழைக் கான்கிரீட்டால் பழுதுபார்த்தார்கள். மோதலைத் தாங்கும் பொருள், ஆகவே அரைப்பையும் தாங்கும் என்பது எதிர்பார்ப்பு. அரிப்பு நிற்கவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகத்தில், தண்ணீருக்குள் வைத்த கான்கிரீட் வில்லையின் மேல் எஃகுக் குண்டுகளைப் போட்டு, துடுப்பால் நீரைச் சுழற்றி 72 மணி நேரம் அரைக்கவிட்டுப் பார்த்தபோது, அதே நீர்-சிமெண்ட் விகிதமுள்ள சாதாரணக் கான்கிரீட்டைவிட இழைக் கான்கிரீட் அதிகம் தேய்ந்தது. இழைக்கு இடம் கொடுப்பதற்காகப் பெரிய ஜல்லியைக் குறைத்து, சாந்தைக் கூட்டியிருந்தார்கள். அரைப்பை எதிர்ப்பது கடினமான ஜல்லிதான். விரிசலே விழாத இடத்தில் இழைக்கு வேலையே இல்லை. 1983-இல் சிலிக்கா தூள் கலந்த, மிக இறுக்கமான கான்கிரீட்டைக் கொண்டுதான் அந்தத் தொட்டியைச் சரிசெய்தார்கள். விரிசல் விடும் தளத்தையும் கல் அரைக்கும் தரையையும் நீருக்கடி வேலை என்ற ஒரே பெயரில் சேர்த்துப் பேசுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கடைசியாக, செலவு. எஃகு எடைக்கு எடை பார்த்தால் இழை கம்பியைவிட விலை கூடியது. முக்குளிப்பவர்களின் கூலி, மிதவை வாடகை, தாமதமாகும் மாதங்கள் எல்லாம் கணக்கில் சேர்ந்தால்தான் அது மலிவாகிறது. ஆகவே நீருக்கடியில்தான் தளம் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் முதலில் வர வேண்டும். பெர்லினில் அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியது பொறியியல் இல்லை, நிலத்தடி நீரைத் தொடாதே என்ற கட்டுப்பாடு. சென்னையில் அடுக்கக அடித்தளங்களுக்குத் தோண்டும்போது பம்பு வைத்து இறைத்து மழைநீர் வடிகாலில் விடுவது வழக்கமான காட்சி. இறைத்த நீருக்கு விலை இல்லை. பக்கத்துக் கிணறு வற்றினால் அதன் கணக்கு ஒப்பந்தப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அந்தக் கணக்கு மாறாதவரை, எஃகு இழையோ ட்ரெமி தளமோ எவ்வளவு தேர்ந்த நுட்பமாக இருந்தாலும், டீசல் பம்போடு விலைப் போட்டியில் அது ஜெயிக்கப்போவதில்லை.